பலிபீடத்துக்கு முன் ஒரு கிண்ணம் தண்ணீர்: கிரேக்கத் தெய்வ வழிபாட்டில் தூய்மைச் சடங்கு, புதிதாக வருபவர்களுக்கு

ஹோமரின் இலியட் ஆறாம் காண்டத்தில் ஒரு காட்சி வரும். போர்க்களத்திலிருந்து ட்ராய் இளவரசன் ஹெக்டர் நகருக்குள் வருகிறான். தாய் ஹெக்கூபா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, மது எடுத்து வருகிறேன், முதலில் ஸ்யூஸுக்கு வார்த்துவிட்டு நீயும் குடி என்கிறாள். அவன் வேண்டாம் என்கிறான். கழுவாத கையால் ஸ்யூஸுக்கு மது வார்க்க அவனுக்குக் கூச்சம். இரத்தமும் அழுக்கும் தெறித்த உடம்போடு நின்று அவரிடம் வேண்டுவது முறையில்லை என்கிறான். அந்த இரத்தம் ஊரைக் காக்கப் போனபோது தெறித்தது. அவன் தவறு செய்துவிட்டான் என்று தாயும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கையோடு முடியாது.

கிரேக்கத் தெய்வங்களை வழிபட விரும்பி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். ஏனென்றால் மியாஸ்மா, அதாவது வழிபாட்டுக்கு முன் கழுவ வேண்டிய கறை, என்ற சொல்லைக் கேட்டதுமே பலர் அதைப் பாவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பயம் வந்துவிடுகிறது. இன்னும் சிலர் இதெல்லாம் பழைய காலத்து மூடப்பழக்கம் என்று முழுதாக விட்டுவிட்டு, சாப்பிட்ட கையோடு சாம்பிராணி ஏற்றுகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

இந்த வழிபாடு ஏட்டில் மட்டும் இருப்பதில்லை. பழைய கிரேக்கத் தெய்வங்களை வழிபடுவோரின் அமைப்பாகக் கிரேக்கத்தில் 1997-ல் தொடங்கிய எத்னிக் ஹெலனியர்களின் உயர் மன்றம் பல ஆண்டுகள் போராடி, 2017-ல் அரசிடமிருந்து ‘அறியப்பட்ட மதம்’ என்ற ஏற்பைப் பெற்றது. கிரேக்கத்துக்கு வெளியிலும் வீட்டு அலமாரியின் ஒரு தட்டைப் பலிபீடமாக வைத்து வழிபடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தண்ணீரில்தான் தொடங்குகிறார்கள்.

சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

மியாஸ்மா என்பது ‘மியாய்னோ’ என்ற வினையிலிருந்து வந்தது. கறைபடுத்து, சாயமேற்று என்று பொருள். மெனெலாவுஸின் தொடையில் அம்புக் காயத்து இரத்தம் வழிவதைச் சொல்லும் இடத்தில், யானைத் தந்தத்துக்குச் செஞ்சாயம் ஏற்றும் ஒரு பெண்ணை ஹோமர் உவமை காட்டுகிறார். அங்கே வரும் வினை இதுதான். கறை மேலே படிகிறது, தந்தம் தந்தமாகவே இருக்கிறது. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழில் இதற்குச் சொல் தேடினால் தீட்டு வந்து நிற்கிறது. ஈழத்தில் துடக்கு என்பார்கள். சாவுக்கும் பிறப்புக்கும் நம் வீடுகளில் நாள் கணக்குப் பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு மியாஸ்மா சட்டென்று புரியும் என்பது உண்மை. ஆனால் தீட்டு என்ற சொல்லின் மேல் வேறொரு சுமையும் ஏறியிருக்கிறது. சாதியின் பெயரால் மனிதரை வாசலோடு நிறுத்தி வைத்த சொல் அது. மாதவிலக்கான பெண்ணைத் திண்ணையில் தனியே படுக்கவைத்த சொல். அந்தச் சுமையை இங்கே கொண்டுவராதீர்கள், இது என் வேண்டுகோள். மியாஸ்மா என்பது ஒருவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பதால் ஒட்டுவதில்லை. அரசனுக்கும் வரும், அடிமைக்கும் வரும், கழுவினால் போகும், நாள் கடந்தால் போகும். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தைத் தொடர்ந்த சாபம் என்று ஏதென்ஸில் ஆல்க்மியோனிட் குடும்பத்தைப் பற்றிப் பேசியதுண்டு. அது தெய்வத்திடம் அடைக்கலம் புகுந்தவர்களைக் கொன்றதற்காக வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே வேறு, அகோஸ்.

இன்னொரு சொல் லூமா. கழுவும்போது உடம்பை விட்டுப் போகும் அழுக்கு அது. வியர்வை, தூசி, வேலைக் களைப்போடு வந்த எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் இதில் சேரும். இலியட் முதல் காண்டத்தில் அப்போலோ அனுப்பிய கொள்ளைநோயைத் தணிப்பதற்காக அகமெம்னோன் படையைக் கழுவிக்கொள்ளச் சொல்கிறான். அவர்கள் கழுவிய அழுக்கைக் கடலில் எறிந்துவிட்டு, பிறகுதான் அப்போலோவுக்குப் பலியிடுகிறார்கள். முதலில் கழுவு, அழுக்கை அப்புறப்படுத்து, பிறகு கொடு. இந்த வரிசை மாறுவதே இல்லை.

ஏன் கழுவ வேண்டும்?

கிரேக்கத் தெய்வங்களுக்குச் சாவில்லை. சாவும் பிறப்பும் நம்முடையவை. யூரிப்பிடீஸின் ஹிப்போலிட்டஸ் நாடகத்தில், தன்னையே வாழ்நாள் முழுக்க வழிபட்ட இளைஞன் உயிர் பிரியும் நேரத்தில், ஆர்ட்டெமிஸ் அவனை விட்டு விலகிப் போகிறாள். சாகிறவனின் கடைசி மூச்சு தன் கண்ணில் படக்கூடாது என்கிறாள். எனக்கு இது முதலில் கொடுமையாகத் தெரிந்தது. பிறகுதான் விளங்கியது. அவள் அவனை வெறுத்துப் போகவில்லை. அவள் நிற்க முடியாத இடம் அது. மனிதர் வாழ்வின் இரண்டு வாசல்களில், வருகிற வாசலிலும் போகிற வாசலிலும், ஒலிம்பஸின் தெய்வங்கள் எட்டி நிற்கிறார்கள். அந்த வாசலைத் தொட்டுவிட்டு வரும் நாம், அவர்களிடம் போகும்முன் ஒரு கணம் நின்று கழுவிக்கொள்கிறோம்.

டெலோஸ் தீவில் இதை எல்லை வரை கொண்டுபோனார்கள். அப்போலோ பிறந்த தீவு அது. கி.மு. 426-425 குளிர்காலத்தில் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகள் அத்தனையையும் தோண்டி எலும்புகளை அகற்றினார்கள். இனி இந்தத் தீவில் யாரும் சாகவும் கூடாது, பிரசவிக்கவும் கூடாது, அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்களைப் பக்கத்து ரேனியா தீவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விதித்தார்கள். அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார். எபிடாரஸில் மருத்துவத் தெய்வமான அஸ்க்ளேபியஸின் வளாகத்திலும் இதே விதி இருந்தது. நோயாளிகள் குவிந்த இடம் அது, ஆனாலும் சாகும் நிலையில் உள்ளவர்களுக்கும் பிரசவ வலி கண்டவர்களுக்கும் உள்ளே இடமில்லை. பிற்காலத்தில் அந்தோனினஸ் என்ற ரோமானியப் பிரபு அவர்களுக்கென்று வெளியே ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்த பிறகுதான் அந்த அவலம் தீர்ந்தது. விதியை அப்படியே வைத்துக்கொண்டு, வெட்டவெளியில் கிடந்தவர்களுக்கு ஒரு கூரை தந்தார்கள். அந்தக் கட்டடத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகும்.

எபிடாரஸில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. நோய் தடையில்லை. காய்ச்சலோடும் புண்ணோடும்தான் மக்கள் அங்கே போனார்கள். உடம்பு சரியில்லாத நாளில் தெய்வத்தின் முன் வரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாக வரலாம். எழுந்து குளிக்க முடியாவிட்டால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வாருங்கள்.

முதல் படி: உடம்பும் இடமும்

குளித்துவிட்டுத் துவைத்த துணி உடுத்துங்கள். புதுத்துணி வேண்டியதில்லை, தனி நிறம் எதுவும் கட்டாயமில்லை. அவசரமான காலை என்றால் கை, முகம், கால் போதும். டெலமாக்கஸ் அதீனாவிடம் வேண்டும் முன் கடற்கரைக்குப் போய்க் கையை மட்டும்தான் கழுவிக்கொண்டான்.

பலிபீடத்தை முந்தின நாள் சாம்பலோடு விட்டுவிடாதீர்கள். ஊதுவத்திச் சாம்பல், உருகிய மெழுகு, வார்த்து மிச்சமான மது எல்லாவற்றையும் எடுத்து, துணியால் துடைத்துவிட்டுத்தான் கழுவு நீரைத் தயார் செய்ய வேண்டும். கிண்ணங்களையும் கழுவுங்கள். இலியட் பதினாறாம் காண்டத்தில் அகில்லீஸ் தன் பெட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுக்கிறான். முதலில் கந்தகத்தால் தூய்மை செய்கிறான், பிறகு நல்ல நீரில் அலம்புகிறான், அப்புறம் தன் கையைக் கழுவுகிறான், அதன் பின்தான் மதுவை நிரப்பி ஸ்யூஸை அழைக்கிறான். பாத்திரம், கை, வேண்டுதல். மூவாயிரம் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான பழைய வரிசை, இன்றும் மாற்றத் தேவையில்லாத வரிசை.

கெர்னிப்ஸ் செய்வது

கெர்னிப்ஸ் என்றால் கை கழுவும் நீர் என்றுதான் பொருள். அலங்காரமான பெயர் இல்லை. ஏதென்ஸில் பலிபீட நெருப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து நீரில் முக்குவார்கள். நீரும் நெருப்பும் சேர்ந்த அந்த நீரால் கைகளை நனைத்து, பீடத்தின் மேலும் சுற்றி நின்றவர்கள் மேலும் தெளிப்பார்கள். கோயில் வாசல்களில் பெரிரந்தேரியோன் என்ற கல்தொட்டி காலுயர்ந்து நிற்கும், உள்ளே போகிறவர் அதில் கை நனைத்துவிட்டுத்தான் போவார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்த ஒரு மருத்துவ நூல் இந்தத் தொட்டியைப் பற்றி அழகாகச் சொல்கிறது: தெய்வத்தால் நமக்குக் கறைபட்டுவிடும் என்று தெளித்துக்கொள்வதில்லை, நாம் முன்னரே கொண்டுவந்த கறை ஏதாவது இருந்தால் அதை விடுவதற்காகத் தெளித்துக்கொள்கிறோம்.

வீட்டில் செய்ய ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் அல்லது எவர்சில்வர் நல்லது. உப்புப் போடப்போகிறீர்கள் என்றால் பித்தளையும் செம்பும் வேண்டாம், பச்சை பிடிக்கும். இந்தக் கிண்ணத்தை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். குழாய்த் தண்ணீர் போதும். ஊற்றுநீர் கிடைத்தால் மகிழ்ச்சி, கடல்நீர் கிடைத்தால் அதைவிட மகிழ்ச்சி. மனிதரின் கேடுகள் எல்லாவற்றையும் கடல் கழுவிவிடும் என்று யூரிப்பிடீஸின் ஒரு பாத்திரம் சொல்கிறது. எலூசிஸ் மறைச்சடங்குக்கு வந்தவர்களும் ‘தீட்சை பெறுவோரே, கடலுக்கு!’ என்ற அறிவிப்புக் கேட்டதும் பலிக்கான பன்றிக்குட்டியோடு கடலில் இறங்கிக் குளித்தார்கள். கடல் எட்டாத இடத்தில் இருப்பவர்கள் ஒரு சிட்டிகை கல் உப்பைப் போடுகிறார்கள். அது இந்தக் காலத்து வழக்கம், நல்ல வழக்கம், ஆனால் விதியில்லை.

இனி நெருப்பு. நான் ஒரு காய்ந்த இலையை இடுக்கியில் பிடித்துக்கொள்வேன். அப்போலோவின் மரமான டாஃப்னேயின், அதாவது லாரல் மரத்தின், இலைதான் பொருத்தம். கடையில் பிரிஞ்சி இலை என்று கேட்டு வாங்கும்போது பார்த்து வாங்குங்கள், நம் மளிகைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வேறு மரத்து இலை. அதைத் திருப்பிப் பார்த்தால் காம்பிலிருந்து நுனி வரை மூன்று நரம்புகள் நீளமாக ஓடும், முகர்ந்தால் பட்டை வாசனை வரும். டாஃப்னே இலையில் நடுவே ஒரே நரம்பு, அதிலிருந்து இரு பக்கமும் சிறு கிளைகள் பிரியும். கிடைக்கவில்லை என்றால் ஒரு சிறு விறகுக்குச்சியே போதும், பழைய ஏதென்ஸ்காரர்கள் முக்கியதும் விறகுக் கொள்ளிதான்.

பலிபீடத்தில் எரியும் விளக்கிலோ மெழுகுவத்தியிலோ இலையின் நுனியைக் காட்டுங்கள். முதலில் ஓரம் சுருளும், பிறகு படபடவென்று வெடித்துக்கொண்டு பிடிக்கும். சுடர் நன்றாக ஏறியதும் அப்படியே நீரில் முக்குங்கள். ‘சுர்’ என்று ஒரு சத்தம், ஒரு நூல் புகை, நீரின் மேல் கருகிய துகள் இரண்டு மூன்று. அவ்வளவுதான், கெர்னிப்ஸ் தயார். அந்தச் சத்தம் கேட்கும் நொடியில் வீட்டின் மற்ற ஓசைகள் எல்லாம் எட்டிப்போவதை நீங்களே உணர்வீர்கள். அந்த நொடிக்காகவே இதை நான் விடுவதில்லை.

விடுதி அறையில் தங்கியிருக்கிறீர்கள், நெருப்புக்கு அனுமதியில்லை, புகை எச்சரிக்கைக் கருவி தலைக்கு மேல் இருக்கிறது என்றால் நெருப்பை விட்டுவிடுங்கள். ஹோமரின் வீரர்கள் வெறும் நீரில்தான் கழுவினார்கள். வெறும் நீர் குறைவான கெர்னிப்ஸ் இல்லை.

கழுவுதல், தெளித்தல், பிறகு மௌனம்

நீரைக் கையில் அள்ளி இரு கைகளையும் நனைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். விரும்பினால் முகத்திலும் தடவலாம். மீதியை விரல் நுனியாலோ ஒரு இலைக்கொத்தாலோ பீடத்தின் மேலும், காணிக்கைப் பொருளின் மேலும், உடனிருப்பவர்கள் மேலும் லேசாகத் தெளியுங்கள். வாற்கோதுமை மணி கொஞ்சம் வைத்திருந்தால் அதையும் பீடத்தின் மேல் தூவலாம், பலிக்கு முன் கிரேக்கர்கள் தூவியது அதுதான்.

இந்த நேரத்தில் சொல்லத் தனி மந்திரம் ஏதாவது உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய மந்திரம் என்ற பெயரில் பரவும் சில சொற்றொடர்களுக்குப் பழைய சான்றே கிடையாது. அவற்றை மனப்பாடம் செய்யச் செலவிடும் நேரத்தில், உண்மையாகவே சான்றுள்ள ஒன்றைப் பழகுங்கள். எவுஃபேமியா என்பது அது. ‘எவுஃபேமெய்தே’ என்று குரல் கொடுத்ததும் கூட்டம் அடங்கிவிடும். நல்ல சொல் பேசுங்கள் என்பது நேர்ப்பொருள், கெட்ட சொல் வாயில் வந்துவிடக் கூடாது என்பதற்காக வாய்மூடி நிற்பது நடைமுறை. வீட்டில் நீங்கள் ஒருவரே இருந்தாலும் ஐந்து மூச்சு மௌனமாக நில்லுங்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

மௌனம் முடிந்ததும், வார்க்கும் காணிக்கையின் முதல் துளி ஹெஸ்டியாவுக்கு. அடுப்பின், வீட்டு நெருப்பின் தெய்வம் அவள். முதல் வார்ப்பும் கடைசி வார்ப்பும் அவளுக்கே உரியவை என்று ஹோமரின் பெயரில் உள்ள பாடல் சொல்கிறது. அதன் பிறகு நீங்கள் யாரை வழிபட வந்தீர்களோ அவரை அழையுங்கள்.

வழிபாடு முடிந்ததும் அந்த நீரை வைத்திருந்து நாளைக்குப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் லூமா அதில் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே மண்ணில் ஊற்றிவிடலாம், மண் இல்லாத அடுக்குமாடி வீடு என்றால் கழிநீர்த் தொட்டியில் ஊற்றுங்கள். உப்புக் கலந்த நீரைப் பூந்தொட்டியில் ஊற்ற வேண்டாம், செடி பட்டுப்போகும். குடிக்கவும் கூடாது, இது தீர்த்தம் இல்லை.

வீட்டில் சாவு நடந்தால்

இங்கே நிதானமாகப் பேச வேண்டும்.

ஏதென்ஸில் சாவு விழுந்த வீட்டு வாசலில் ஒரு பாத்திரம் நீர் வைப்பார்கள். அந்த வீட்டு நீரே கறைபட்டதாகக் கருதப்பட்டதால் வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த நீர். வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது அதில் தெளித்துக்கொண்டு போவார்கள். யூரிப்பிடீஸின் அல்கெஸ்டிஸ் நாடகம் கி.மு. 438-ல் அரங்கேறியது. அதில் ஊரார் அரசியின் வீட்டு வாசலைப் பார்த்து, ஊற்றுநீர்ப் பாத்திரத்தைக் காணோமே, அவள் இன்னும் சாகவில்லையோ என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். வாசலில் நீர் இருந்தால் சாவு என்று தெருவே அறியும்.

துக்கம் கேட்கப் போனவருக்கும், பிணம் கிடந்த வீட்டில் இருந்தவருக்கும் ஒரே அளவு இல்லை. பெர்கமோனில் அதீனா கோயில் கல்வெட்டு இதைத் துல்லியமாகப் பிரிக்கிறது. உறவில் சாவு, வீட்டில் பிரசவம் என்றால் குளித்துவிட்டு இரண்டாம் நாள் வரலாம். அடக்கத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் மட்டும் போய்வந்தவர் நீர் தெளித்துக்கொண்டு வாசலைக் கடந்தால் அன்றே தூயவர். இந்த எண்களைப் பாருங்கள். ஒரு நாள், இரண்டு நாள். லிபியக் கரையிலிருந்த சைரீன் நகர விதி, பிரசவித்த பெண் இருக்கும் கூரைக்குக் கீழே இருந்தவர்களுக்கு மூன்று நாள் கணக்கிட்டது, அவர்களிடமிருந்து அது வேறொருவருக்குப் பரவாது என்றும் சொன்னது. ஊருக்கு ஊர் கணக்கு வேறு. ஆகவே ‘உண்மையான எண் எது’ என்று தேடி அலையாதீர்கள். ஒரு ஊரின் வழக்கை எடுத்துக்கொண்டு அதில் நில்லுங்கள்.

ஏதென்ஸில் சாவுக்குப் பின் மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள் என்று கல்லறைச் சடங்குகள் இருந்தன, முப்பதாம் நாளோடு துக்கம் முடிந்தது. என் தாத்தா போனபோது நான் அந்த முப்பதைக் கைக்கொண்டேன். பலிபீடத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினேன். ஒலிம்பஸ் தெய்வங்களுக்கு விளக்கேற்றவில்லை. ஆனால் அந்த முப்பது நாளும் தாத்தாவுக்காகப் பாலும் தேனும் நீரும் வார்த்தேன், ஏனென்றால் இறந்தவருக்குக் கொடுப்பதை மியாஸ்மா தடுப்பதில்லை. தெய்வங்கள் என்னைத் தள்ளி வைத்தார்கள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அழுது தீர்க்க எனக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள் என்றே தோன்றியது. முப்பத்தோராம் நாள் வீட்டைக் கழுவி, உப்புநீர் தெளித்து, துணியை எடுத்தபோது கை நடுங்கியது. சாம்பிராணிப் புகை ஏறியதும் சரியானது.

வீட்டைக் கடல்நீரால் தெளிப்பது பழைய விதிதான். கேயோஸ் தீவின் யூலிஸ் நகரச் சட்டம், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, சாவு நடந்த வீட்டைக் கடல்நீரால் தெளிக்கச் சொல்கிறது.

பிறப்பு, உடலுறவு, மாதவிலக்கு

குழந்தை பிறந்த வீட்டில் சில நாள் பீடத்தை ஓய்வாக விடுங்கள். தாய்க்கும் அது ஓய்வுதான். ஏதென்ஸில் ஆண் குழந்தைக்கு ஒலிவ மாலை, பெண் குழந்தைக்குக் கம்பளி நூல் என்று வாசலில் தொங்கவிடுவார்கள். ஐந்தாம் நாள் அல்லது ஏழாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வருவது ஆம்ஃபித்ரோமியா. அந்தச் சுற்றோடு குழந்தை ஹெஸ்டியாவின் வீட்டுக்குரியதாகிறது. வீட்டில் பிறப்புக் கறையை முடித்து வைக்க இதைவிட நல்ல சடங்கு எனக்குத் தெரியவில்லை. எரிவாயு அடுப்பை நடு வீட்டில் வைக்க முடியாது. மேசைமேல் ஒரு விளக்கை ஏற்றி அதைச் சுற்றி வாருங்கள்.

உடலுறவுக்குக் குளியல் போதும். பெர்கமோன் கல்வெட்டு கணவன் மனைவிக்கு அன்றே அனுமதி தருகிறது.

மாதவிலக்கைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கக் கோயில் விதிகளில் அது தடையாக வருவதே இல்லை. ஏழு நாள் என்று சொல்லும் கல்வெட்டு ஒன்று சூனியோன் பக்கம் கிடைத்திருக்கிறது. அது ரோமர் காலத்தில், லைசியாவிலிருந்து வந்த ஸாந்தஸ் என்ற அடிமை, ஆசியா மைனரின் மேன் என்ற சந்திர தெய்வத்துக்கு நிறுவிய கோயிலின் விதி. பூண்டு தின்றால்கூடக் குளித்துவிட்டு வரச் சொல்லும் விதி அது. அந்தக் கோயிலின் வழக்கை எல்லாக் கிரேக்க வழிபாட்டுக்கும் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை. ஏதென்ஸில் அதீனாவின் பூசாரியே ஒரு பெண்தான்: லைசிமாக்கே அந்தப் பணியை 64 ஆண்டுகள் செய்தவள். அந்த நாட்களில் உங்கள் உடம்பு ஓய்வு கேட்டால் ஓய்வெடுங்கள். வழிபட மனமிருந்தால் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.

கொலை

வீட்டுக் கிண்ணத்துக்கு அப்பாற்பட்டது இது ஒன்றுதான். ஏதென்ஸில் கொலை வழக்குகளைத் திறந்த வெளியில் விசாரித்தார்கள், கொன்றவனோடு ஒரே கூரையின் கீழ் யாரும் உட்காரக் கூடாது என்பதற்காக. நாடு கடத்தப்பட்டவன்மேல் இன்னொரு கொலைக் குற்றம் வந்தால், ஃப்ரெயாட்டோ என்ற கடற்கரையில் அவன் மண்ணை மிதிக்காமல் படகில் நின்றபடியே வாதாடுவான், நீதிபதிகள் கரையில் இருந்து கேட்பார்கள். பன்றிக்குட்டியின் இரத்தத்தால் கொலைக்கறையைக் கழுவும் சடங்கும் இருந்தது, தாயைக் கொன்ற ஒரெஸ்டஸின் கதையில் அது வரும். தத்துவஞானி ஹெராக்ளிட்டஸ் அதைக் கடுமையாகச் சாடினார், சேற்றில் இறங்கியவன் சேற்றாலேயே கழுவிக்கொள்வது போல என்று. ஒருவருக்கு நீங்கள் பெருந்தீங்கு செய்திருந்தால் கிண்ணத்து நீரால் அது போகாது. அவரிடம் போய் ஈடு செய்யுங்கள்.

மாதக் கடைசியில் வீடு

நாள்தோறும் கை கழுவுவது போல, மாதம் ஒருமுறை வீடு முழுவதும். கிரேக்கரின் மாதம் சந்திரனைப் பின்பற்றியது. நிலவே தெரியாத கடைசி நாள், முச்சந்திகளின் தெய்வமான ஹெக்கேட்டின் விருந்து, டெய்ப்னோன். மறுநாள் நூமேனியா, புது மாதத்தின் முதல் நாள். தினசரிக் காலண்டரில் அமாவாசையைப் பார்த்து வைத்துக்கொண்டால் நாள் தப்பாது.

அன்று வீட்டைக் கூட்டிப் பெருக்குங்கள். குளிர்பெட்டியில் கெட்டுப்போனதை எல்லாம் எறியுங்கள். பீடத்தின் சாம்பலை அகற்றுங்கள். மாலையில் சமைத்த உணவில் ஒரு பங்கை ஹெக்கேட்டுக்கு எடுத்து வையுங்கள். பழங்காலத்தில் அதை முச்சந்தியில் வைப்பார்கள், பசித்தவர்கள் எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்கள் என்று அரிஸ்டோஃபனீஸ் சொல்கிறார். தெருவில் உணவை வைப்பது இன்று சரிவராது. பூண்டு கலந்ததை நாய் தின்றால் நாய்க்கு ஆகாது. பசித்த ஒருவர் கையில் நேரே கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது பின்னால் பார்க்காமல் வாருங்கள். கழித்ததை எறிபவர் கண்ணைத் திருப்பிக்கொண்டு வருவதை ஈஸ்கிலஸின் நாடகத்தில் எலெக்ட்ரா சொல்கிறாள்.

ஒடிஸியூஸ் தன் கூடத்தைக் கந்தகம் எரித்துத் தூய்மை செய்தான் என்று படித்துவிட்டு யாரும் வீட்டுக்குள் கந்தகம் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை நுரையீரலைப் பதம் பார்க்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. சன்னலைத் திறந்து வைத்துக் குந்திரிக்கம் போடுங்கள், அல்லது உப்புநீர் தெளியுங்கள்.

பயம் வந்தால்

தொடக்கத்தில் நானும் எல்லா விதிகளையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எந்த வீட்டிலிருந்து வந்தாரோ என்றெல்லாம் யோசிக்கத் தொடங்கியபோது, மூன்று வாரம் பீடத்தின் பக்கமே போகவில்லை. அந்த நேரத்தில்தான் பழைய கிரேக்க எழுத்தாளர் தியோஃப்ராஸ்டஸ் தீட்டிய அச்சப் பேர்வழியைப் படித்தேன். கையைக் கழுவிக் கழுவி, நீர் தெளித்துத் தெளித்து, வாயில் டாஃப்னே இலையை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் திரிபவன். கல்லறையை மிதிக்க மாட்டான், சாவு வீட்டுக்கும் பிரசவ வீட்டுக்கும் போக மாட்டான். அவனைப் பக்திமான் என்று கிரேக்கர்களே மதிக்கவில்லை. அன்றே தாளைக் கிழித்தேன்.

சாவு வீட்டுக்குப் போங்கள். பிரசவித்தவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுங்கள். போய்வந்தால் கழுவத்தான் நீர் இருக்கிறது. எபிடாரஸ் கோயில் வாசலில், மணம் கமழும் இந்தக் கோயிலுக்குள் வருபவர் தூயவராக இருக்க வேண்டும், தூய்மை என்பது புனிதமானவற்றை எண்ணுவது என்று எழுதி வைத்திருந்தார்கள். வாசலில் அந்த வரி இருந்தும், எபிடாரஸில் நீரை யாரும் விட்டுவிடவில்லை.

இந்த வாரம் தொடங்க நினைப்பவர்களுக்கு இவ்வளவு போதும்: ஒரு கிண்ணம், ஒரு துணி, ஏழு நாள், காலையில் ஒரே ஒரு தடவை. நீர் எடுங்கள், கையை நனையுங்கள், மௌனமாக நில்லுங்கள், ஹெஸ்டியாவுக்கு ஒரு துளி வார்த்துவிடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். இலையும் நெருப்பும் இரண்டாம் வாரத்தில் வரட்டும். முடிந்ததும் நீரைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தை அலம்பித் துடைத்து, பீடத்தின் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள்.